பேஜார், டென்ஷன், மெர்சல்: வண்ணாரப்பேட்டை வட்டாரப் பேச்சில் மனக்கலக்கச் சொற்களின் பிறப்பும் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

வண்ணாரப்பேட்டையை நடுவாகக் கொண்ட வடசென்னைப் பேச்சுவழக்கில் மன நிம்மதியின்மையைக் குறிக்கும் மூன்று சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த 'பேஜார்' பொதுவாகத் 'தொல்லை' என்றே பொருள்கொள்ளப்படுகிறது. ஆயினும் அச்சொல்லின் தொடரமைப்பு, உள்ளத்தின் சலிப்பைக் குறிக்கும் பழம்பொருள் இன்னும் வழக்கில் இருப்பதைக் காட்டுகிறது. அப்பொருளின் இடத்தை ஆங்கிலச் சொல்லான 'டென்ஷன்' பெரிதும் கைப்பற்றியுள்ளது. அச்சத்தைக் குறித்த 'மெர்சல்' திரைப்பட வழியே வியப்பைக் குறிக்கத் தொடங்கியிருப்பதும் இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னை வழக்கு, கடன்சொல், பொருள் மாற்றம், மெய்ப்பாடு, அகராதியியல்.

முன்னுரை

'பேஜாரா கீது' என்னும் தொடரை வடசென்னையைச் சாராத தமிழர் கேட்டால் பெரும்பாலும் முறுவலிப்பர். சந்திரபாபு, சோ, லூஸ் மோகன் போன்ற நகைச்சுவை நடிகர்கள் வாயிலாகவே அவ்வழக்கு தமிழகம் முழுவதற்கும் அறிமுகமானது. ஆதலின் அதன் ஒவ்வொரு சொல்லும் சிரிப்பூட்டும் சொல்லாகவே பிறர் செவியில் விழுகிறது. ஆனால் அத்தொடரைச் சொன்னவர் சிரிக்கவைக்கச் சொல்லியிருக்க வேண்டுவதில்லை. தாம் செய்யும் வேலையின்மீதும், தம் வாழ்வின்மீதும் கொண்ட சலிப்பை அவர் தெரிவித்திருக்கலாம். அவருக்கு அது துயரச்சொல், கேட்பவருக்கோ நகைச்சொல்.

சென்னை வழக்கைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதன் கடன்சொற்களைப் பட்டியலிட்டு, மூலமொழியைச் சுட்டுவதோடு அமைகின்றன. 'கலீஜ்' அரபுமூலம், 'குஜால்' பாரசீகமூலம், 'கஸ்மாலம்' வடமொழிமூலம் எனச் சொல்வது தேவைதான். ஆயினும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் எந்த இடத்தில் அமர்ந்தது, எதனை விலக்கியது, எதனால் விலக்கப்பட்டது என்பவை கடினமான வினாக்கள். உணர்வைக் குறிக்கும் சொற்களில் இவ்வினாக்கள் கூடுதல் கனம் பெறுகின்றன. ஏனெனில் மக்கள் தம் உள்ளத்துத் துன்பத்தை வெளியிடும் வாயில் அச்சொற்களே.

வட்டாரமும் சொல்வரத்தும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வாணிகத்தில் தறியிலிருந்து இறங்கிய புதுத்துணியை வெளுத்துப் பதப்படுத்திய வண்ணார்கள் குடியமர்ந்ததால் வண்ணாரப்பேட்டை அப்பெயர் பெற்றது. துறைமுகம் கிழக்கே, சௌகார்பேட்டையின் குசராத்தி, மார்வாரி வணிகர் தெற்கே, பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் மேற்கே. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் வீட்டுமொழிகளாகவும், தக்காண உருது அண்டை மொழியாகவும், ஆங்கிலம் பட்டறை, கப்பல்துறை, அலுவலக மொழியாகவும் இங்குக் கலந்தன. ஒரே தெருவில் மூன்று மொழி கேட்கும் இடத்தில் கடன்சொல் புத்தக வழியே வருவதில்லை. பேரம், கூலி, வசவு ஆகியவற்றின் வழியே வருகிறது.

இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர் ஒன்று சொற்பிறப்பு ஆய்வாளருக்கு நல்ல எச்சரிக்கை. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையின் பெயரில் 'காலடி' என்னும் தமிழ்ச்சொல் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட்டின் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு அது. 'காலட்' தமிழ்ச் செவியில் 'காலடி' ஆயிற்று. பொருள் விளங்காத ஒலியை விளங்கும் ஒலியாக்கிக்கொள்வது மக்களின் இயல்பு. அவ்வாறு விளங்கியதையே மூலமெனக் கொள்வது ஆய்வாளர் தவிர்க்க வேண்டிய பிழை.

'பேஜார்' என்னும் சொல்லிலும் இப்பிழைக்கு இடமுண்டு. தொல்காப்பிய உரியியல் பே, நாம், உரும் ஆகிய மூன்றையும் அச்சப்பொருள் தரும் உரிச்சொற்களாகக் கூறுகிறது. அதனைக் கொண்டு 'பே' என்னும் பழந்தமிழ் அச்சச்சொல்லே பேஜாரின் முதனிலை என்று காட்டிவிட எளிது. ஆயின் அவ்வாறு கொண்டால் எஞ்சும் 'ஜார்' என்பதற்கு விளக்கமில்லை. மேலும் பேஜாரின் முதலெழுத்து ஒலிப்புடையது. 'பேட்டை'யிலும் 'பேய்'இலும் உள்ள பகரமன்று. தமிழ் எழுத்து இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை, பேச்சு வேறுபடுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேஜாரில் அச்சப்பொருளே இல்லை என்பது பின்னர்த் தெளிவாகும்.

பேஜார்: மூலமும் அண்டை மொழிகளும்

மூலச்சொல் பாரசீகத்தின் 'பேஸார்'. அதன் இடையொலியைத் தமிழில் நேரே எழுத இயலாது. ஸகரத்தின் ஒலிப்புடைய இணை எனக் கொள்க. அவ்வொலி தமிழுக்கு வரும்போது ஜகரமாவது இயல்பான மாற்றம். பஜார், ஜமீன், ஜாமீன், ஜோர் ஆகியவை இதே வழியில் வந்தவை. பாரசீகத்தில் அச்சொல் ஒன்றிலிருந்து விலகிய, அதனைக் கைவிட்ட, அதன்மீது வெறுப்புற்ற நிலையைக் குறிக்கும் பெயரடை. உருதுவில் 'இன்னதிலிருந்து பேஸார்' என நீங்கற்பொருள் உருபுடன் வரும்; சலித்துப்போன, மனம் கசந்த என்பது பொருள். 'பேஸாரி' என்பது அதன் பண்புப்பெயர். இங்குக் கருத வேண்டியது, மூலமொழியில் இது மனிதரைப் பற்றிய சொல் என்பதே. பேஸாராக இருப்பவர் ஆள். அவரைப் பேஸாராக்கியது வேறொன்று.

அண்டை மொழிகளில் இச்சொல் பெற்ற வாழ்வு ஒப்பிடத்தக்கது. மராத்தியில் 'பேஜார்' அலைக்கழிந்து களைத்த நிலை. தெலுங்கில் 'பேஜாரு' சலிப்பு. 'பேஜாரெத்து' என வினையும் உண்டு. கன்னடத்தில் 'பேஜாரு' அன்றாடச் சொல்: பொழுது போகாத சலிப்பு, மனவருத்தம், ஒருவர்மீது கொண்ட மனத்தாங்கல் ஆகிய மூன்றையும் அது தாங்குகிறது. ஒருவரைப் புண்படுத்திவிட்டதாக எண்ணும் கன்னடர் 'பேஜார் செய்துகொள்ளாதீர்கள்' என்ற அமைப்பிலேயே பொறுத்தருளக் கேட்பர். வடகேரளத்தில் 'பேஜாறு' கவலை, பதைப்பு. அங்குத் தேறுதல் கூறும் சொல்லாடலில் அது இயல்பாக வரும்.

களைப்பு, சலிப்பு, வருத்தம், கவலை எனப் பொருள் வேறுபட்டாலும் இந்நான்கு மொழிகளிலும் சொல் உள்ளத்தை விட்டு வெளியேறவில்லை. சென்னைத் தமிழில் மட்டுமே அது வெளியே வந்து, தொல்லை தரும் பொருளுக்கும் நிகழ்வுக்கும் பெயராகியிருக்கிறது. 'அந்த வேலையே பேஜாரு' என்னும்போது பேஜார் ஆளிடம் இல்லை, வேலையில் இருக்கிறது.

இச்சொல் எவ்வழியே வந்தது என்னும் வினாவுக்கு இரு விடைகள் சாத்தியம். 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நிலைத்த மராத்தியர் ஆட்சி ஒன்று. 1768இல் சேப்பாக்கம் அரண்மனை அமைந்தபின் சென்னையிலேயே வீற்றிருந்த ஆர்க்காட்டு நவாபு அவையும், அதனைச் சூழ்ந்த தக்காண உருதுப் பேச்சும் மற்றொன்று. மராத்தி வழியே வந்திருப்பின் சொல்லின் செல்வாக்கு காவிரிப் படுகையில் மிகுந்திருக்க வேண்டும். அவ்வாறன்றி, கலீஜ், பேமானி, குஜால் ஆகியவற்றுடன் ஒரே கூட்டமாக இது சென்னையையே பற்றி நிற்கிறது. இவ்வுடனிருப்பு உருது வழியையே காட்டுவதாகக் கொள்ளலாம். இஃது இடப்பரவல் கொண்டு செய்யும் உய்த்துணர்வு. எழுத்துச் சான்று கிடைப்பின் மாறலாம்.

தொடரமைப்பு காட்டும் இருபொருள்

'தொல்லை' என்னும் ஒரே சொல்லால் பேஜாருக்குப் பொருள் கூறிவிடும் வழக்கம் உண்டு. அப்பொருள் பிழையன்று, குறையுடையது. வழக்கிலுள்ள தொடர்களை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

'பேஜார் பண்ணாத', 'பேஜார் குடுக்கறான்', 'பேஜார் புடிச்ச வண்டி', 'சுத்த பேஜாரு' என்பன ஒரு வகை. இவற்றில் 'தொல்லை' என்பதைப் பேஜாரின் இடத்தில் வைத்தால் பொருள் பெரிதும் மாறாது. 'பேஜார் புடிச்ச' என்பது 'சனியன் பிடித்த', 'தரித்திரம் பிடித்த' என்பவற்றின் அச்சில் வார்த்தது. பற்றிக்கொள்ளும் புறப்பொருளாக அது கருதப்படுகிறது.

'எனக்கு பேஜாரா கீது', 'மன்சே பேஜாராப் பூட்ச்சு' என்பன மற்றொரு வகை. இவற்றில் 'தொல்லை'யை வைத்துப் பார்த்தால் தொடர் நிற்பதில்லை. 'எனக்குத் தொல்லையாக இருக்கிறது' என்றால் அடுத்து வரும் கேள்வி 'எது?' அல்லது 'யாரால்?' என்பதாகும். 'எனக்கு பேஜாரா கீது' என்றாலோ அக்கேள்விக்கு விடை இல்லாமலும் இருக்கலாம். பசிக்கிறது, வலிக்கிறது, சலிப்பாக இருக்கிறது என்பவற்றைப்போல, நான்காம் வேற்றுமை ஏற்ற ஆள் தன்னுள் உணரும் நிலையை இத்தொடர் தெரிவிக்கிறது. உணர்பவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்துவது திராவிட மொழிகளின் இயல்பு. அவ்வமைப்பினுள் புகுந்த பாரசீகப் பெயரடை, தன் பழம்பொருளை ஏறத்தாழ அப்படியே காத்துக்கொண்டது. ஆக, பேஜாரின் அகப்பொருள் அழியவில்லை. 'ஆ' ஈற்று வடிவில், 'இரு', 'போ' என்னும் துணைவினைகளின் துணையில் அது வாழ்கிறது.

அவ்வகப்பொருள் எம்மெய்ப்பாட்டைச் சாரும்? தொல்காப்பியம் அச்சத்துக்குக் கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. நால்வகையும் வெளியிலிருந்து வந்து தாக்குபவை. பேஜாரா இருப்பவரை எதுவும் தாக்கவில்லை, அவர் பதறவுமில்லை. இளிவரலுக்கு அந்நூல் கூறும் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றுள் பிணியும் வருத்தமும் இதற்கு மிக அணுக்கமானவை. நீண்ட உழைப்பால் உடல் தளர்ந்து, தன் நிலையைத் தானே வெறுக்கும் மனநிலை அது. மூட்டை சுமந்தும், ஆலையில் இரவுமுறை பார்த்தும் வாழ்ந்த மக்கள் இதற்கெனத் தனிச்சொல் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. இளிவரலைப் பிறர்மீது தோன்றும் அருவருப்பாக மட்டும் கொள்ளும் போக்கு இன்றைய வகுப்பறைகளில் காணப்படுகிறது. தன்கண் தோன்றும் இளிவரலுக்குப் பேஜார் வழக்கிலிருந்தே கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு.

'கஸ்மாலம்' என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். வடமொழியில் 'கச்மல' என்பது அழுக்கு, மாசு என்னும் பொருளோடு உள்ளத்தின் திகைப்பு, கோழைமை ஆகியவற்றையும் குறிக்கும். பகவத்கீதையின் இரண்டாம் இயலில் போர்முனையில் தளர்ந்து அமர்ந்த அருச்சுனனின் நிலையைக் கண்ணன் சுட்டும் சொல் இதுவே. வடசென்னைக்கு வந்து சேர்ந்தது அழுக்கு என்னும் பொருளும் அதன்வழி வந்த வசவும் மட்டுமே. மனத்தளர்ச்சி வழியிலேயே நின்றுவிட்டது. கீதையை நாள்தோறும் ஓதுபவர் இச்சொல்லைத் தெருவில் கேட்டு முகம் சுளிப்பதும் உண்டு. இரண்டும் ஒரே சொல் என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

டென்ஷன்: இழுவையிலிருந்து ஏற்றத்துக்கு

பேஜாரின் அகப்பொருள் ஏன் இன்று ஒதுங்கி நிற்கிறது என்பதற்கு விடை 'டென்ஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது.

அதன் மூலம் இலத்தீனின் 'தெந்தெரே'. நீட்டு, இழு என்பது பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. முதலில் உடலுறுப்பு, நாண், கயிறு போன்றவை இழுபட்டு விறைத்த நிலையைக் குறித்தது. மனத்தின் விறைப்பு என்னும் பொருள் பின்னர் வந்தது. இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் இழுத்தலைக் குறித்த இதே வேரிலிருந்துதான் வடமொழியின் 'தந்து', 'தந்த்ரீ' ஆகியவையும் தோன்றின. தமிழில் வழங்கும் யாழ்த் தந்தியும், அஞ்சலகத் தந்தியும் அவ்வழியில் வந்தவையே. எனவே 'தந்தி வந்தது, டென்ஷன் ஆனது' என்னும் பழைய வீட்டு அனுபவத்தில் இரு சொற்களும் தொலைதூர உறவினர். ஆங்கிலம் மனக்கலக்கத்துக்கு வைத்திருக்கும் பிற சொற்களும் உடலுணர்விலிருந்து பிறந்தவை. 'ஆங்ஸைட்டி' என்பதன் இலத்தீன் வேர் தொண்டையை நெரித்தலைக் குறிக்கும்; தமிழின் 'நெருக்கடி' வேறு மூலத்திலிருந்து அதே உருவகத்தை அடைந்திருக்கிறது.

வடசென்னையில் டென்ஷன் இரண்டு வாயில்களின் வழியே நுழைந்தது. ஒன்று பட்டறை. ஆலை எந்திரத்தின் பெல்ட்டுக்கும் தறியின் நூலுக்கும் டென்ஷன் உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே, பேசின் பாலத்து மின்நிலையத்தால் 'ஹை டென்ஷன்' கம்பி இவ்வட்டாரத்தார் அறிந்த பொருள். இவ்வாயிலில் சொல் தன் மூலப்பொருளான இழுவையையோ மின்னழுத்தத்தையோ குறித்தது. மற்றது அலுவலகம், பள்ளி, இதழ், திரைப்படம் ஆகியவற்றின் வாயில். அங்கே அது மனநிலை. தொழிலாளர் பேச்சில் இவ்விரு டென்ஷன்களும் உடனிருந்தும் ஒன்றையொன்று குழப்பியதில்லை. எந்திரத்துக்கு டென்ஷன் 'இருக்கும்', 'வைக்கப்படும்'; மனிதருக்கு 'ஆகும்', 'ஏறும்'.

இந்த 'ஏறும்' என்பதே தமிழ் செய்த மாற்றம். இழுபடும் பொருள் விறைக்கும், அது ஏறாது. தமிழரோ சூடு ஏறுகிறது, போதை ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது என்னும் வரிசையில் டென்ஷனையும் சேர்த்தனர். உடலில் கீழிருந்து தலைக்கு எழும் ஒன்றாக அது ஆயிற்று. ஆதலால்தான் 'டென்ஷன் ஆயிட்டான்' என்பது கவலையுற்றான் என்பதோடு சினமுற்றான் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தனிமனிதச் சினம் என்னும் பொருள் இல்லை. 'டென்ஷன் பார்ட்டி' என்பது எளிதில் வெகுள்பவருக்கு இட்ட பெயர். இது வெகுளியையும் அச்சத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்த சொல். தமிழின் எட்டு மெய்ப்பாட்டுப் பகுப்பில் இதற்கு நேரிடம் இல்லை.

'பேஜார் ஏறுது' என்று எவரும் சொல்வதில்லை. பேஜார் அடியில் தங்கும். டென்ஷன் மேலே எழும். ஆகவே இரண்டும் ஒருபொருட் பன்மொழி அல்ல. ஆயினும் 'எனக்கு ... ஆக இருக்கிறது' என்னும் தொடரிடத்துக்கு இரண்டும் போட்டியிட்டன. அதில் டென்ஷன் வென்றது. ஆங்கிலச் சொல் படிப்பின் மதிப்பைச் சுமந்து வந்தது. பேஜாரோ நகைச்சுவைக் காட்சியின் சுமையைச் சுமந்தது. தன் துயரைப் பிறர் சிரிக்காமல் கேட்க வேண்டும் என்று விரும்புபவர் எச்சொல்லைத் தேர்வார் என்பது வெளிப்படை. அவ்வாறு அகத்திலிருந்து தள்ளப்பட்ட பேஜாருக்கு எஞ்சியது புறத்துத் தொல்லை. 'அவன் பேஜார் பண்றான், எனக்கு டென்ஷனாவுது' என்னும் இயல்பான தொடரில் இப்பங்கீடு முழுமையாகவே நிகழ்ந்திருக்கிறது: பேஜார் காரணம், டென்ஷன் விளைவு.

இதனால் இழப்பு ஏதும் உண்டா? மருத்துவ மானிடவியல் இக்கேள்விக்கு உதவுகிறது. மார்க் நிக்டர் 1981இல் தென்கன்னடப் பகுதியில் செய்த ஆய்வை வைத்தே, துன்பத்தை வெளியிடச் சமூகம் வைத்திருக்கும் மொழிகள் என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். லெஸ்லி ஜோ வீவர் 2017இல் வெளியிட்ட கட்டுரை, வட இந்தியப் பெண்களின் பேச்சில் 'டென்ஷன்' அத்தகைய மொழியாக இயங்குவதை ஆராய்ந்தது. இந்தியா முழுவதும் பரவிய டென்ஷன் ஆய்வாளரின் கண்ணுக்கு எளிதில் படுகிறது; வட்டாரச் சொற்கள் அவ்வாறு படுவதில்லை. மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் 'பி.எச்.க்யூ-9' வினாநிரலின் முதல் வினா, செய்யும் செயல்களில் ஆர்வமோ இன்பமோ குறைந்துள்ளதா என்பது. வண்ணாரப்பேட்டை முதியவர் ஒருவரிடம் 'மன அழுத்தம் உண்டா' எனக் கேட்டால் 'இல்லை' எனலாம். 'டென்ஷனா' என்றால், தமக்குக் கோபம் வருகிறதா எனக் கேட்பதாகவே எண்ணலாம். அவ்வினாவுக்கு மிக அணுக்கமான அவர்தம் சொல் 'பேஜாரா கீது'. அதனைத் 'தொல்லை' எனக் குறித்துக்கொள்ளும் செவி, நோயின் அறிகுறியைப் புறத்தாரைப் பற்றிய குறைகூறலாகப் பதிந்துவிடும்.

மெர்சல்: மிரட்சியும் மருட்கையும்

மூன்றாம் சொல் கடன்சொல் அன்று. 'மிரள்' என்னும் வினையே இதன் அடி. இகரம் அடுத்த அசையின் அகரத்தால் எகரமாவது பேச்சுத்தமிழின் பொதுவிதி. இலை எல ஆவதும், மிரட்டு மெரட்டு ஆவதும் அவ்விதியால். இடையுயிர் கெட்டு ரகர ஒற்று நிற்பது சென்னை வழக்கில் மிகுதி: ஒருத்தன் ஒர்த்தன், வருவான் வர்வான். ஆகவே 'மெரசல்' மெர்சலாவதில் சிக்கல் இல்லை. சிக்கல் ஈற்றில் உள்ளது. மிரள் என்பதன் முறையான பெயர் மிரட்சி. எரிச்சல், உளைச்சல், குடைச்சல், புகைச்சல் எனத் துன்பச் சொற்களில் மிகுந்து வரும் சல் ஈறு ஒப்புமையால் இங்கும் ஏறியது எனலாம். ஆனால் அவற்றில் சகரம் இரட்டித்து வல்லொலி பெறும். மெர்சலில் அது தனித்து மெல்ல ஒலிக்கிறது. அலசல், உரசல் என்பவற்றின் அச்சே இதற்கு நெருக்கம். துன்பச் சொற்களின் பொருளீர்ப்பும், அலசல் வகையின் ஒலியமைப்பும் சேர்ந்து இவ்வடிவைத் தந்தன எனக் கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம்.

மெர்சல் திடுக்கிட்டு அஞ்சும் நிலை. 2015இல் வெளியான 'ஐ' திரைப்படப் பாடல் ஒன்றின் வழியாகவும், 2017இல் வெளியான 'மெர்சல்' திரைப்படத்தின் பெயராலும் இச்சொல் தமிழகம் முழுதும் பரவியது. பரவியபோது பொருளும் திரும்பியது. வடசென்னையில் மெர்சலானவர் அஞ்சியவர். பிற ஊர்களில் இன்று மெர்சலானவர் வியந்து மலைத்தவர். விளம்பரங்கள் பாராட்டுச் சொல்லாகவே இதனை ஆள்கின்றன.

இதனைத் திரைப்படத்தின் திரிபு என்று ஒதுக்குவது அவசர முடிவு. மிரளோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய 'மருள்' என்பதை நோக்குக. மருள்தல் அஞ்சுதலும் மயங்குதலும் ஆகும். அதன் அடியாகப் பிறந்த மருட்கையையோ தொல்காப்பியம் அச்சத்தில் சேர்க்காமல் தனி மெய்ப்பாடாக வைத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றை அதன் நிலைக்களனாக்கியது. உரையாசிரியர் அதனை வியப்பு என்றனர். அளவிறந்த ஒன்றன்முன் நிற்கும் உள்ளம் முதலில் நடுங்கி, பின் வியக்கும்; அவ்விரு கணங்களுக்கும் தமிழ் ஒரே அடியைப் பயன்படுத்தியிருக்கிறது. மருள் நடந்த பாதையில் மெர்சல் இரண்டே ஆண்டுகளில் நடந்தது என்பதே வேறுபாடு. பேஜாரை நகைச்சொல்லாக்கியதும் திரைப்படம். மெர்சலைப் பெருமைச் சொல்லாக்கியதும் திரைப்படம். இரண்டிலும் அம்மக்களின் துன்பப்பொருளே உதிர்ந்தது.

அகராதிப் பதிவு

வட்டார வழக்கு அகராதிகள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் தந்து, மூலமொழிக் குறியிட்டு முடிப்பது உணர்வுச் சொற்களுக்குப் போதாது. எத்தொடரில் எப்பொருள் என்பதும், எவ்வினையோடு வரும், எவ்வினையோடு வராது என்பதும் பதியப்பட வேண்டும். பேஜாருக்கு இவ்வாறு ஒரு பதிவு அமையலாம்:

பேஜார்: பெயர், சென்னை வழக்கு, பாரசீகம், உருது வழி. முதலெழுத்து ஒலிப்புடையது. 1. உழைப்பாலோ பிணியாலோ காரணம் தோன்றாமலோ உண்டாகும் சலிப்பும் கசப்பும் கலந்த மனத்தளர்ச்சி. நான்காம் வேற்றுமைப் பெயருடன் 'ஆ' ஈற்று வடிவில் வரும்: 'ரெண்டு நாளா எனக்கு பேஜாரா கீது'. 'ஏறு' என்னும் வினையுடன் வராது. 2. பிறராலோ பொருளாலோ நேரும் தொல்லை. பண்ணு, கொடு, பிடி என்னும் வினைகளுடன் வரும்: 'பேஜார் பண்ணாத'. 3. பெயரடையாக, தொல்லை தருவது: 'பேஜாரு வேல'. ஒப்பு: கன்னடம் பேஜாரு, மலையாளம் பேஜாறு, தெலுங்கு பேஜாரு, மராத்தி பேஜார்.

இரண்டாம் பொருளே இன்று மிகுவழக்கு. ஆயினும் வரலாற்று முறையிலும், அண்டை மொழிகளின் சான்றாலும் முதலிடம் பெறவேண்டியது மனத்தளர்ச்சி என்னும் பொருளே. 'டென்ஷன்' என்னும் பதிவிலிருந்து அதற்கு ஒரு மாட்டேற்றுக் குறிப்பும் தேவை.